ராயல்டியா, மொத்தத் தொகையா? அம்பத்தூர் வாசகருக்குப் பதில்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினியம் பிரஷர் டை-காஸ்டிங் (உருக்கிய உலோகத்தை ‘டை’ என்ற அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது) பட்டறை நடத்துகிறேன். டைக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றை வெளியேற்ற நான் வடிவமைத்த ஒரு இன்செர்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. 2019 ஜூலையில் விண்ணப்பித்தேன், 2023 மார்ச்சில் கிடைத்தது. என் பெயரோடு என் மைத்துனர் பெயரும் அதில் இருக்கிறது. எங்கள் ஹவுசிங் (வெளிக்கூடு) ஒன்றில் புளோஹோல் (காற்று ஓட்டை) ரிஜெக்‌ஷன் 16 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. பீஸுக்கு 200 ரூபாயாக இருந்த அடக்கம் 188 ஆனது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்று எக்ஸ்குளூசிவ் லைசன்ஸ் கேட்கிறது: 25 லட்சம் முன்பணம், விற்பனையில் 1 சதவீதம் ராயல்டி, காப்புரிமை முடியும்வரை. அவர்கள் மாதம் 25,000 பீஸ் செய்வார்களாம், ஒன்று சுமார் 220 ரூபாய். இன்னொரு பக்கம் நான்கு சிறு பட்டறைக்காரர்கள் பீஸுக்கு 5 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். அதில் இருவர் என் வாடிக்கையாளருக்கே கொட்டேஷன் கொடுப்பவர்கள், மற்ற இருவர் எல்இடி விளக்கு ஹவுசிங்கும் மோட்டார் கவரும் செய்பவர்கள். பொருளாதாரம் படிக்கும் என் மகள், ‘நீங்கள் லைசன்ஸ் கொடுத்தாலும் விலை குறையாது, ஊருக்கு என்ன லாபம்?’ என்கிறாள். எதை ஏற்பது?

பதில்: பெரிய கம்பெனியின் கடிதத்தில் உங்களை முதலில் கவலைப்பட வைக்க வேண்டியது தொகை அல்ல, ‘எக்ஸ்குளூசிவ்’ என்ற சொல். நம் காப்புரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு அதற்குத் தரும் விளக்கப்படி, எக்ஸ்குளூசிவ் லைசன்ஸ் மற்ற எல்லோரையும் விலக்குகிறது, காப்புரிமை வைத்திருப்பவரையும் சேர்த்து. கையெழுத்துப் போட்ட மறுநாள் உங்கள் இன்செர்ட்டை உங்கள் டையிலேயே மாட்ட உங்களுக்கு உரிமை இருக்காது. ‘நானும் செய்துகொள்வேன், ஆனால் மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்’ என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் அது வேறு ஏற்பாடு. ‘உரிமையாளர் தன் சொந்த உற்பத்திக்குப் பயன்படுத்தும் உரிமை நிலைத்திருக்கும்’ என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டார்கள் என்பது உதவாது. 68-ஆம் பிரிவின்படி எழுத்தில் இல்லாத லைசன்ஸ் செல்லாது.

இனி தொகை. 220 ரூபாயில் 1 சதவீதம் 2 ரூபாய் 20 காசு. மாதம் 25,000 பீஸ் என்றால் ஆண்டுக்கு 6.6 லட்சம். உங்கள் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, அதாவது 2039 ஜூலை வரை. மீதி 13 ஆண்டு என்று வைத்து, 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 42 லட்சம். முன்பணத்தோடு 67 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கையால் 12 ரூபாய் மிச்சமாகும் இடத்தில் அவர்கள் உங்களுக்குத் தருவது 2.20. மிச்சத்தில் 18 சதவீதம் உங்களுக்கு, 82 சதவீதம் அவர்களுக்கு. கூடவே உங்கள் சொந்த மிச்சமும் கைவிட்டுப் போகிறது. யாராவது ‘லாபத்தில் கால் பங்கு என்பது உலக வழக்கம்’ என்று பேரம் பேச வந்தால் அதற்கும் மசிய வேண்டாம். அந்தக் கால் பங்குக் கணக்கை அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றமே 2011-ல், யூனிலாக் - மைக்ரோசாஃப்ட் வழக்கில், அடிப்படை இல்லாதது என்று ஒதுக்கிவிட்டது.

அடுத்து சிறு பட்டறைகளின் 5 ரூபாய். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சும்மா கிடக்கும் உரிமைக்கு ஐந்து ரூபாய் வந்தால் லாபம்தானே என்று தோன்றும். போட்டியாளருக்குக் கொடுக்கும்போது அது பொய்க் கணக்கு. எளிய மாதிரி ஒன்றை வைத்துப் பார்ப்போம், மகளும் கூட உட்கார்ந்து சரிபார்க்கட்டும்.

சந்தையில் நீங்களும் ஒரு போட்டியாளரும் மட்டும். ஹவுசிங் 260 ரூபாய் என்றால் ஒன்றுகூட விற்காது. ஒவ்வொரு ரூபாய் குறையும்போதும் மாதம் ஆயிரம் பீஸ் கூடுதலாகப் போகும். இருவரும் எத்தனை பீஸ் செய்வது என்பதைத் தனித்தனியே முடிவுசெய்கிறீர்கள். மொத்த அளவைப் பொறுத்து விலை அமைகிறது. இதைப் பொருளாதாரத்தில் கூர்னோ போட்டி என்பார்கள். டை-காஸ்டிங்கில் எத்தனை டன் மெஷின் எத்தனை நிறுவுகிறோம் என்பதே முக்கிய முடிவாக இருப்பதால் இந்த மாதிரி அவ்வளவு தூரம் பொருந்தாமல் போகாது. வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் அதிகாரி விலையை எப்படி முறுக்குவார் என்பது மாதிரியில் இல்லை, அதை நினைவில் வையுங்கள்.

கண்டுபிடிப்புக்கு முன், இருவருக்கும் அடக்கம் 200. ஆளுக்கு 20,000 பீஸ், விலை 220, ஆளுக்கு மாதம் 4 லட்சம் லாபம். இன்செர்ட் உங்களிடம் மட்டும் இருந்து நீங்கள் யாருக்கும் தராவிட்டால், நீங்கள் 28,000, அவர் 16,000, விலை 216. உங்கள் லாபம் 7.84 லட்சம், அவருடையது 2.56 லட்சம்.

இப்போது அவருக்கு பீஸுக்கு 5 ரூபாய் ராயல்டியில் கொடுங்கள். அவருடைய அடக்கம் 188-உம் 5-உம் சேர்ந்து 193. அவர் 20,667 பீஸுக்கு ஏறுகிறார், நீங்கள் 25,667-க்கு இறங்குகிறீர்கள், விலை 213.67. ராயல்டி 1.03 லட்சம் வருகிறது. சொந்த விற்பனையில் லாபம் 6.59 லட்சமாகிறது. கூட்டினால் 7.62 லட்சம். கொடுக்காமல் இருந்தபோது 7.84. ராயல்டி வாங்கியும் மாதம் 22 ஆயிரம் நஷ்டம்! இந்த மாதிரியில் லாபமும் நஷ்டமும் இல்லாமல் சரிக்குச் சரியாகும் இடம் சுமார் 5 ரூபாய் 64 காசு. அதற்குக் கீழே போட்டியாளருக்குக் கொடுப்பது உங்கள் பையிலிருந்து அவர் பைக்கு மாற்றுவதுதான். 9 ரூபாய் என்றால் விலை 215, உங்கள் மொத்த வரவு 8.91 லட்சம், அவருடைய லாபமும் 2.56-லிருந்து 3.24 லட்சத்துக்கு ஏறுகிறது. இரு தரப்புக்கும் கையெழுத்துப் போடக் காரணம் இருக்கும் இடம் இது. மிச்சம் முழுவதையும், 12 ரூபாயையும், கேட்டால் உங்களுக்கு 9.76 லட்சம் வரும். ஆனால் அவருக்கு ஒரு பைசா பயனில்லை, பழைய டையையே ஓட்டுவார்.

இதே மாதிரியை வைத்து அந்தப் பெரிய கம்பெனியின் கடிதத்தையும் இன்னொரு முறை பாருங்கள். அவர்கள் உங்கள் வாடிக்கையாளருக்கும் விற்பவர்கள் என்றால், எக்ஸ்குளூசிவ் கொடுத்த பிறகு 188 அவர்களுக்கு, 200 உங்களுக்கு. உங்கள் லாபம் 7.84-லிருந்து 2.56 லட்சத்துக்குப் போகும். மாதம் 5.28 லட்சம் இழப்பு, ஆண்டுக்கு 63 லட்சம். 13 ஆண்டுக்குச் சேர்த்து அவர்கள் தருவதாகச் சொன்ன 67 லட்சத்தை முதல் ஆண்டிலேயே கிட்டத்தட்டத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். எண்கள் மாதிரிக்கு உரியவை. உங்கள் விற்பனை அளவைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டாலும் திசை மாறாது.

மொத்தத் தொகையாக வாங்கினால்? அப்போது அவருடைய அடக்கமும் 188 ஆகிவிடுகிறது, ஏனென்றால் கொடுத்த தொகை கொடுத்ததுதான், அடுத்த பீஸ் ஓட்டும்போது அது சேராது. ஆளுக்கு 24,000 பீஸ், விலை 212. ஆளுக்கு லாபம் 5.76 லட்சம். லைசன்ஸ் இல்லாவிட்டால் அவருக்கு 2.56 என்பதால் அவர் மாதத்துக்கு அதிகபட்சம் 3.20 லட்சம் வரை தரத் தயங்க மாட்டார். உங்களுக்கு மொத்தம் 8.96 லட்சம். பீஸ் கணக்கு ராயல்டியின் உச்ச வரம்பான 9.76-ஐ விடக் குறைவு. தானே உற்பத்தி செய்பவர், போட்டியாளருக்கு லைசன்ஸ் கொடுக்கும்போது, பீஸ் ராயல்டியே லாபம் என்பது பொருளாதாரத்தில் நிலைபெற்ற முடிவு. மாறாக, பட்டறையே இல்லாத கண்டுபிடிப்பாளர், ஒரு ஆராய்ச்சிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத் தொகையாக வாங்கினால் அதிகம் ஈட்டுவார் என்று பொருளாதார அறிஞர்கள் காமியனும் டாவ்மனும் 1986-லேயே காட்டினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம், கொடுப்பவருக்குப் பாதுகாக்கச் சொந்தச் சந்தை இருக்கிறதா என்பது.

இங்கே உங்கள் மகளுடைய கேள்விக்கு வருவோம். 12 ரூபாய் ராயல்டி வைத்தால் விலை 216. லைசன்ஸே கொடுக்காதபோதும் விலை 216. வாங்குபவருக்கு ஒரு காசுகூட வித்தியாசமில்லை. அந்த அளவுக்கு மகள் சொல்வது சரி. ஆனால் ஊருக்கு லாபம் என்பதை விலையால் மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும். வாங்குபவர் பெறும் உபரி (அவர் தரத் தயாராக இருந்த விலைக்கும் தந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்), இரு பட்டறைகளின் லாபம், ராயல்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கண்டுபிடிப்புக்கு முன் மாதம் 16 லட்சம். நீங்கள் மட்டும் வைத்திருந்தால் 20.08 லட்சம். 12 ரூபாய் ராயல்டியில் கொடுத்தால் 22 லட்சம். மொத்தத் தொகைக்குக் கொடுத்தால் 23.04 லட்சம். 20.08-லிருந்து 22 வரைக்குமான 1.92 லட்சம் எங்கிருந்து வந்தது? போட்டியாளரின் 16,000 பீஸில் ஒவ்வொன்றிலும் வீணாகாமல் போன 12 ரூபாய் மின்சாரமும் மெஷின் நேரமும் அது. விலை அசையவில்லை, வீணடிப்பு குறைந்தது. மீதி 1.04 லட்சம், விலை 216-லிருந்து 212-க்கு இறங்குவதால் மட்டுமே கிடைப்பது. பீஸ் ராயல்டி அதை எட்டவிடாமல் தடுக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு பீஸுக்கும் உண்மையில் ஆகாத ஒரு செலவை அது போட்டியாளர் மேல் ஏற்றுகிறது.

ஆகவே உங்கள் நலனும் ஊர் நலனும் முரண்படும் இடம், காப்புரிமை இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. பணத்தை எந்த வடிவில் வாங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. இன்னொன்றையும் மகளிடம் கேளுங்கள்: இறங்கிய 4 ரூபாய் யாருக்கு? கார் கம்பெனிகள் ஆண்டுதோறும் சப்ளையர்களிடம் விலைக் குறைப்புக் கேட்பது அம்பத்தூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த 4 ரூபாய் கார் வாங்குபவர் வரை போய்ச் சேரும் என்று எந்த மாதிரியும் உத்தரவாதம் தராது.

மருந்தில் இதே கேள்வி எவ்வளவு கூர்மையாகும் என்பதற்கு, உங்கள் மகளின் பாடத்திலேயே வரக்கூடிய ஒரு வழக்கு உண்டு. பேயரின் புற்றுநோய் மருந்து நெக்ஸாவார் அப்போது ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்திய மருந்து நிறுவனமான நாட்கோவுக்குக் கட்டாய லைசன்ஸ் (உரிமையாளர் சம்மதமின்றி அரசு தரும் அனுமதி) கொடுக்கப்பட்டபோது நிர்ணயிக்கப்பட்ட விலை 8,880 ரூபாய், ராயல்டி 6 சதவீதம். அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2013-ல் அதை 7 ஆக உயர்த்தியது. அங்கே விலைக்கும் ஆக்கச் செலவுக்கும் நடுவே பெரும் பள்ளம், அதனால் லைசன்ஸின் பயன் கிட்டத்தட்ட முழுவதும் நோயாளியிடம் போனது. உங்கள் இன்செர்ட்டில் இடைவெளி 12 ரூபாய். அந்த வழக்கின் தர்க்கத்தை இங்கே இறக்கினால் பொருந்தாது.

இனி என்ன செய்வது. சிறு பட்டறைக்காரர் நால்வரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். விளக்கு ஹவுசிங், மோட்டார் கவர் செய்யும் இருவரும் உங்கள் சந்தையில் இல்லை. அவர்கள் எவ்வளவு அதிகமாக ஓட்டினாலும் உங்கள் கொட்டேஷன் பாதிக்கப்படாது. அவர்களிடம் பீஸ் கணக்கு பார்ப்பது வீண் வேலை. ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வையுங்கள், பயன்பாட்டுத் துறையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், ‘வாகன உதிரி பாகங்களுக்கு அல்ல’ என்று. கணக்கு வழக்கு குறையும், அவர்களுக்கும் அடுத்த பீஸின் அடக்கம் முழுதாக இறங்கும், அந்தச் சந்தையில் விலையும் இறங்க வழி உண்டு. கையில் மொத்தமாகப் பணம் இல்லாத பட்டறை என்றால் காலாண்டுத் தவணையாகப் பிரியுங்கள். தொகை நிலையாக இருந்தால் போதும்.

போட்டியாளர் இருவரிடமும் பீஸ் ராயல்டி. 5 ரூபாயை ஏற்காதீர்கள். 8-க்கும் 9-க்கும் நடுவே பேசுங்கள். அதற்கு முன் 12 ரூபாய் மிச்சத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவர்கள் உடனே சொல்வார்கள்: ‘ரிஜெக்ட் ஆன பீஸ் திரும்ப உலைக்குத்தானே போகிறது, அலாய் (உலோகக் கலவை) வீணாகவில்லையே.’ நியாயமான வாதம். அதனால் மிச்சக் கணக்கில் அலாய் விலையைச் சேர்க்காதீர்கள். உருக்கும்போது கழிவாகப் போகும் உலோகம், உருக்கும் எரிபொருள், மெஷின் நேரம், மெஷினிங்குக்குப் பிறகு வெளிப்படும் ஓட்டையால் வீணாகும் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) நேரம், லீக் டெஸ்ட், இம்ப்ரெக்னேஷன் (நுண்துளைகளை அடைத்தல்) செலவு, இவற்றை மட்டும் போடுங்கள். அவர்களுடைய டையில் இன்செர்ட்டை மாட்டி, ஒரே அலாய், ஒரே ஆபரேட்டர் வைத்து, முன்னும் பின்னும் ரிஜெக்‌ஷனை எடுங்கள். அவர்கள் பட்டறையில் மிச்சம் 7 ரூபாய்தான் என்று தெரிந்தால் உங்கள் 9 ரூபாய்ப் பேச்சு அங்கேயே முடிந்தது. வென்டிங் (காற்று வெளியேறும் வழி) ஏற்கெனவே ஒழுங்காக உள்ள டைகளில் அப்படித்தான் ஆகும்.

ராயல்டியை விற்பனை விலையின் சதவீதமாக வைக்காதீர்கள். டை-காஸ்டிங் விலை அலாய் விலையோடு ஏறி இறங்கும். அலுமினியம் விலை ஏறினால் உங்கள் இன்செர்ட் எதுவும் கூடுதலாகச் செய்யாமலே ராயல்டி ஏறும், இறங்கினால் குறையும். சண்டைக்கு அதுவே போதும். ரூபாயில் பீஸுக்கு இவ்வளவு என்று வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மொத்த விலைக் குறியீட்டோடு திருத்தலாம்.

எண்ணுவது எப்படி என்பதில்தான் பெரும்பாலான லைசன்ஸ்கள் கசக்கின்றன. இது ஜேம்ஸ் வாட் காலத்துப் பிரச்சினை. நீராவி எந்திரத்துக்கு 1769-ல் அவர் பெற்ற காப்புரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1775-ல் 1800 வரை நீட்டித்தது. வாட்டும் அவருடைய தொழில் கூட்டாளி போல்டனும் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களிடம் வாங்கிய கட்டணம், பழைய நியூகோமன் எந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு. எந்திரத்தின் ஓட்டங்களை எண்ண, பூட்டிய பெட்டிக்குள் ஒரு எண்ணி வைத்தார்கள். அப்படியும் பழைய எந்திரம் எவ்வளவு எரித்திருக்கும் என்பதில் ஓயாத தகராறு. பிற்பாடு பல இடங்களில் நிலையான கட்டணத்துக்கு மாறினார்கள். அந்தக் காப்புரிமையின் இன்னொரு பக்கமும் இருக்கிறது: போட்டியாளர் ஹார்ன்ப்ளோயரின் எந்திரம் வாட்டின் உரிமையில் கை வைக்கிறது என்று 1799-ல் தீர்ப்பானது. 1800-க்குப் பிறகு கார்ன்வால் எந்திரங்களின் திறன் வேகமாக முன்னேறியது. உங்கள் இன்செர்ட்டை யாராவது மேம்படுத்தினால் அதை நிறுத்தி வைப்பதா, சேர்த்துக்கொள்வதா என்ற முடிவு வரும்போது இதை யோசித்துப் பாருங்கள்.

உங்கள் எண்ணி ஏற்கெனவே மெஷினில் இருக்கிறது, டைக்குள் உலோகம் செலுத்தும் ஒவ்வொரு முறையையும் (ஷாட்) எண்ணும் ஷாட் கவுன்ட்டர். அதையே அடிப்படையாக வையுங்கள், ஆனால் இரண்டு ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். முதலாவது கேவிட்டி, அதாவது டைக்குள் ஒரு பீஸ் உருவாகும் குழி. இரண்டு கேவிட்டி டையில் ஒரு ஷாட் இரண்டு பீஸ். ‘ஷாட்டுக்கு 9 ரூபாய்’ என்று எழுதினால் பாதிப் பணம் போயிற்று. டை எண், கேவிட்டி எண்ணிக்கை இரண்டையும் இணைப்புப் பட்டியலில் போடுங்கள், புது டை வந்தால் 7 நாளில் தெரிவிக்க வேண்டும் என்றும். இரண்டாவது, ரிஜெக்ட். நல்ல பீஸுக்கு மட்டும் ராயல்டி என்றால் ரிஜெக்‌ஷன் காகிதத்தில் ஏறும். எல்லா ஷாட்டுக்கும் என்றால் வார்ம்-அப் ஷாட்டுக்கும் காசு கேட்கிறீர்கள் என்று முறைப்பார்கள். வழி இது: மொத்த ஷாட் பெருக்கல் கேவிட்டி, அதில் நிலையாக 6 சதவீதம் கழிவு, மீதிக்கு ராயல்டி. உண்மையான ரிஜெக்‌ஷன் எவ்வளவானாலும் கணக்கு மாறாது. டிஸ்பாட்ச் இன்வாய்ஸ் எண்ணிக்கை, ஸ்டாக் மாற்றம் இரண்டோடும் காலாண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். தணிக்கை உரிமை ஆண்டுக்கு ஒருமுறை, 15 நாள் முன்னறிவிப்போடு. குறைவாகக் காட்டியது 5 சதவீதத்தைத் தாண்டினால் தணிக்கைச் செலவும் அவர்களுடையது.

ராயல்டியைப் பேசுகிற சாக்கில் போட்டியாளரோடு விற்பனை விலையைப் பேசவே பேசாதீர்கள். ‘நீ 214-க்குக் கீழே கொட்டேஷன் போடாதே’ என்ற ஒரு வரி லைசன்ஸில் இருந்தாலும், வாட்ஸ்அப்பில் இருந்தாலும், போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவுக்குள் போய் நிற்பீர்கள். அந்தப் பிரிவு காப்புரிமையைக் காக்கத் தேவையான நியாயமான நிபந்தனைகளுக்கு இடம் தருகிறது. விலைக் கூட்டணிக்கு அது குடை பிடிக்காது.

பெரிய கம்பெனியை ஒரேயடியாக விரட்டவும் வேண்டாம். அவர்களுக்கு உண்மையில் எந்தப் பாகத்துக்கு இன்செர்ட் தேவை என்று கேளுங்கள். நீங்கள் செய்யாத பாகம் என்றால், அந்தத் துறைக்கு மட்டும், 3 ஆண்டுக்கு மட்டும் எக்ஸ்குளூசிவ் கொடுக்கலாம், குறைந்தபட்ச ஆண்டு ராயல்டியோடு. அந்தக் குறைந்தபட்சத்தை எட்டாத ஆண்டில் எக்ஸ்குளூசிவ் தானாகச் சாதாரண லைசன்ஸாக மாறும் என்று எழுதுங்கள். இந்த வரி ஏன் முக்கியம் என்றால், சில நிறுவனங்கள் உரிமையை வாங்குவது பயன்படுத்த அல்ல, மற்றவர் அடக்கம் இறங்காமல் பார்த்துக்கொள்ள. அப்படிப் பூட்டி வைத்த காப்புரிமைதான் ஊருக்கு முழு நஷ்டம். இந்த வரிக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் நோக்கம் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாத நிபந்தனைகள் காப்புரிமைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவில் இருக்கின்றன, வக்கீல்கள் வைத்திருக்கும் மாதிரி ஒப்பந்தங்களில் இவை அடிக்கடி நுழைந்துவிடும். லைசன்ஸ் வாங்குபவர் செய்யும் மேம்பாடு முழுவதும் உங்களுக்கே எக்ஸ்குளூசிவாகத் திரும்ப வேண்டும் என்று போட முடியாது. அவர் காப்புரிமையின் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது என்றும் போட முடியாது. டை ஸ்பிரேயோ அலாயோ உங்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டும் நிற்காது. மேம்பாட்டை நீங்களும் பயன்படுத்தலாம் என்ற சாதாரண உரிமையைக் கேளுங்கள், அது நியாயமாகவும் நிற்கும். காப்புரிமை முடிந்த பிறகு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 141-ஆம் பிரிவின்படி லைசன்ஸ் வாங்கியவர் 3 மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். 2039-க்குப் பின் வரும் ராயல்டியை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் அதற்கு முன்பே முடிந்துவிடும். கெடு தாண்டினால் 6 மாத நீட்டிப்பு உண்டு, அதையும் விட்டால் காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்க விண்ணப்பிக்க வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் மைத்துனரைப் பார்த்துவிடுங்கள். 50-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது இருவருக்கும் சம பங்கு. யார் வேண்டுமானாலும் தன் பயனுக்குத் தானே உற்பத்தி செய்யலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் லைசன்ஸ் கொடுக்க முடியாது. அவர் கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்துக்கு நீங்கள் முன்பணம் வாங்கினால் பிறகு திருப்பிக் கொடுக்கும் நிலை வரும். ராயல்டியை எப்படிப் பிரிப்பது என்று உங்கள் இருவருக்குள் தனியே ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். குடும்பம் என்பதால் இதை ஒத்திப்போட வேண்டாம், குடும்பம் என்பதால்தான் முதலில் செய்ய வேண்டும்.

கையெழுத்தான ஒப்பந்தத்தை கிண்டி ஜிஎஸ்டி சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் படிவம் 16-இல் பதியுங்கள். சம்பளக்காரருக்குக் கொடுக்கும் படிவம் 16 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பதியாத ஆவணத்தை, அதிகாரியோ நீதிமன்றமோ அனுமதித்தால் ஒழிய, சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். கட்டண விகிதம் வெளியே தெரிய வேண்டாம் என்றால் நிபந்தனைகளை ரகசியமாக வைக்கும்படி கேட்கும் வசதி 69-ஆம் பிரிவில் உண்டு. நால்வருக்கும் வெவ்வேறு விகிதம் வைக்கப்போகிற நீங்கள் இதை அவசியம் கேளுங்கள்.

ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. வாங்குபவர் உள்ளீட்டு வரவு எடுத்துக்கொள்வார் என்பதால் பேரத்தில் அது சிக்கலாகாது. 10 சதவீத டிடிஎஸ் பிடித்துத்தான் பணம் வரும். இந்தியாவிலேயே உருவாக்கி இங்கேயே பதிந்த காப்புரிமையின் ராயல்டிக்கு 10 சதவீதம் மட்டும் வருமான வரி என்ற சலுகை உண்டு. ஆனால் அது பதிவேட்டில் காப்புரிமையாளராகப் பெயர் உள்ள உண்மையான கண்டுபிடிப்பாளருக்கு உரியது, செலவுகளை அதில் கழிக்க முடியாது. ராயல்டியைப் பட்டறைக் கம்பெனியின் கணக்கில் வாங்கினால் சலுகை கைநழுவலாம். இன்வாய்ஸ் யார் பெயரில் என்பதை ஆடிட்டரிடம் கேட்ட பிறகே ஒப்பந்தத்தில் வங்கிக் கணக்கு எண்ணை எழுதுங்கள்.

படிவம் 27-ஐ மறக்க வேண்டாம். காப்புரிமை இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கிறதா என்ற அறிக்கை அது, 2024 திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்தால் போதும். வழங்கப்பட்டு 3 ஆண்டு முடிந்த காப்புரிமைக்கு எதிராக 84-ஆம் பிரிவில் யாரும் கட்டாய லைசன்ஸ் கேட்கலாம். உங்கள் சொந்த உற்பத்தியும் நான்கு லைசன்ஸும் அந்த அறிக்கையில் இருந்தால், ‘பயன்படுத்தவில்லை’ என்று ஒருவர் மனுப் போட இடமிருக்காது.